இன்னைக்கு இட்ட நாட்டு முட்டை உரிக்க வரலையா? தப்பு உங்க கையில இல்லை!

அடுப்புல முட்டை வெந்தாச்சு. பச்சைத்தண்ணியில போட்டு ஆறவும் வெச்சாச்சு. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி குழந்தை உட்கார்ந்தாச்சு. ஓட்டைத் தட்டி உரிக்க ஆரம்பிச்சா, ஓட்டோடு சேர்ந்து வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வருகிறது. வழுவழுன்னு முழுசா வர வேண்டிய முட்டை, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக வந்து நிற்கிறது. கடைசியில் தட்டில் விழுவது முக்கால் முட்டைதான். மீதி கால்வாசி ஓட்டோடு குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

'ஒரு முட்டையைக்கூட ஒழுங்கா உரிக்கத் தெரியல' என்று யாராவது முணுமுணுத்தால் இன்னும் கடுப்பாகும். ஆனால், உண்மை என்ன தெரியுமா? தப்பு உங்கள் கையிலும் இல்லை, முட்டையிலும் இல்லை. அந்த முட்டை ரொம்பப் புதுசு. அவ்வளவுதான்!

புது முட்டையை எப்படி அவித்தால் ஓடு சுலபமாகக் கழலும், அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது, நாம் வழக்கமாகச் செய்யும் உப்பு, சோடா வைத்தியமெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

அதே கை... அதே அடுப்பு... ரெண்டு முட்டை!

கள்ளக்குறிச்சி மாவட்டம், ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருக்கும் ஓர் அக்கா. பள்ளி நாள் காலையில் அவர் அவிக்க வேண்டியது 60 முட்டை என்று வைத்துக்கொள்வோம். மதிய மணி அடிப்பதற்குள் அத்தனையையும் உரித்தாக வேண்டும். அவரும் உதவியாளரும் உட்கார்ந்து மளமளவென்று உரித்துத் தள்ளிவிடுவார்கள். ஓடு அப்படியே சட்டை கழற்றுகிற மாதிரி வந்துவிடும்.

அதே அக்கா சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார். கொல்லையில் கோழி காலையில் இட்ட முட்டை இரண்டு இருக்கிறது. பேரனுக்கு அவித்துக் கொடுக்கலாம் என்று அடுப்பில் வைக்கிறார். உரிக்கப் போனால் ஒரு முட்டையோடு அஞ்சு நிமிஷம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது!

கையும் அதேதான், பழக்கமும் அதேதான். வித்தியாசம் முட்டையின் வயதில் இருக்கிறது.

சத்துணவு முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளின் முட்டை. கோழி இட்டு, சேகரித்து, எடை பார்த்து, அட்டைகளில் அடுக்கி, லாரி ஏறி, ஊர் வந்து, கூடத்தில் வைக்கப்பட்டு, அடுப்பேறுவதற்குள் சில நாள்கள் ஓடிவிடும். வீட்டுக் கோழி முட்டைக்கோ வயது சில மணி நேரம்தான். அந்தச் சில நாள் இடைவெளியில்தான் மொத்த ரகசியமும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமும் இல்லை. 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர் ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சேர்ந்தது. படிப்படியாக எண்ணிக்கை கூடி, 2010-ல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. ஒவ்வொரு பள்ளி நாளும் மாநிலம் முழுக்க எத்தனை கைகள் முட்டை உரித்துக்கொண்டிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்! 60 முட்டையை, ஒன்றுக்கு அரை நிமிஷம் என்று ஒருவர் உரித்தால் 30 நிமிஷம். ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் இழுத்தால் இரண்டு மணி நேரம். பிள்ளைகள் பசியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டுக்குள்ள என்னதான் நடக்குது?

முட்டை ஓட்டைப் பார்த்தால் கெட்டியாக, அடைத்த மாதிரித் தெரியும். ஆனால், அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகள் வழியாகத்தான் குஞ்சு மூச்சு விடுகிறது. ஓட்டுக்கு உள்பக்கம் மெல்லிய சவ்வு இருக்கிறது. உரிக்கும்போது வெள்ளையாக, காகிதம் மாதிரி வருமே... அதுதான். உண்மையில் அது ஒன்றல்ல, இரண்டு சவ்வுகள். ஒன்று ஓட்டோடு ஒட்டியிருக்கும். இன்னொன்று வெள்ளைக்கருவைச் சுற்றியிருக்கும். முட்டையின் அகலமான பக்கத்தில் இந்த இரண்டும் பிரிந்து, நடுவில் ஒரு காற்றறை இருக்கும்.

கோழி இட்டவுடன் வெள்ளைக்கருவுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயு நிறைய கரைந்திருக்கும். புது முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு கொஞ்சம் கலங்கலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அந்த நேரத்தில் வெள்ளைக்கருவின் காரத்தன்மை குறைவு. பி.எச். அளவில் சொன்னால் 8-ஐ ஒட்டி இருக்கும். இந்த நிலையில் முட்டையை அவித்தால், வெள்ளைக்கருவின் புரதம் உள்சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சவ்வை இழுத்தால் வெள்ளைக்கருவும் சேர்ந்து வருகிறது.

நாள் ஆக ஆக, அந்த வாயு துளைகள் வழியாக மெள்ள மெள்ள வெளியேறுகிறது. வெள்ளைக்கரு தெளிவாகிறது, காரத்தன்மை கூடுகிறது. பி.எச். 9-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். இன்னொரு பக்கம், முட்டைக்குள் இருக்கும் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, காற்றறை பெரிசாகிறது. ஆக, நகம் வைக்க இடமும் கிடைக்கிறது, சவ்வும் பிடியை விட்டுவிடுகிறது. ஓடு தானாகக் கழன்று வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், உரிக்கச் சண்டித்தனம் பண்ணுகிற முட்டை, 'நான் புதுசு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாள் காத்திருக்கணும்?

நம்ம ஊர் வெப்பத்தில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்த முட்டை மூன்று, நான்கு நாளிலேயே உரிக்கத் தோதான பக்குவத்துக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வாயு வெளியேறுவது மெதுவாகும். அப்போது ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். 'ஃப்ரிட்ஜுல வெச்சு அஞ்சு நாள் ஆச்சு, இன்னும் உரிக்க வரலையே' என்று குழம்ப வேண்டாம். குளிர் அதைப் புதுசாகவே வைத்திருக்கிறது.

கிராமத்து வீடுகளில் முட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள். உடையாமல் இருக்கவும், சூடு படாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு அது. அந்த மூன்று நாள் அரிசிப் பானை வாசத்தில் முட்டை உரிக்கவும் பக்குவமாகிவிடுகிறது.

ஆனால், ஒரு எச்சரிக்கை. சேவலோடு திரியும் கோழியின் முட்டை கருவுற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். சித்திரை, வைகாசி வெயிலில் அதை வெளியே நாள்கணக்கில் வைத்தால் உள்ளே கரு வளர ஆரம்பித்துவிடும். அடை வைக்காமலே பாதி வளர்ந்து, அப்புறம் கெட்டுப்போகும். அதனால் கோடையில் நாட்டு முட்டையை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் வைக்காமல், ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று... வாங்கி வந்தவுடன் முட்டையைக் கழுவி அடுக்காதீங்க. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். எச்சமோ மண்ணோ ஒட்டியிருந்தால், அவிப்பதற்குச் சற்று முன்னால் கழுவினால் போதும்.

காத்திருக்க நேரமில்லையா? கொதிக்கிற தண்ணியில ஆரம்பிங்க!

'மூணு நாள் கழிச்சு உரிச்சுக்கலாம்னா, இப்போ பசிக்கிற பிள்ளைக்கு என்ன கொடுக்கறது?' நியாயமான கேள்வி. காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கு, வயசுக்கு வந்த பொண்ணுக்கு, பிள்ளை பெற்ற தாய்க்கு என்று நாட்டு முட்டையை எடுத்து வைத்துக் கொடுக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு அன்றைக்கே அவித்துக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது.

நம்மில் பலரும் செய்வது இதுதான்: பாத்திரத்தில் பச்சைத்தண்ணி ஊற்றி, முட்டையைப் போட்டு, அப்புறம் அடுப்பைப் பற்ற வைப்போம். இங்கேதான் சிக்கல். தண்ணீர் மெதுவாகச் சூடேறும்போது, வெள்ளைக்கருவும் மெதுவாகக் கெட்டியாகிறது. சவ்வோடு ஒட்டி உறவாட அதற்கு நிறைய நேரம் கிடைத்துவிடுகிறது.

மாறாக, கொதிக்கிற தண்ணீரில் முட்டையை இறக்கினால், ஓட்டை ஒட்டியிருக்கும் வெள்ளைக்கரு சட்டென்று வெந்து இறுகிவிடும். புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமே தவிர, சவ்வைப் பிடிக்க நேரம் இருக்காது. தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு மாவை ஊற்றினால் ஒட்டாமல் வருகிறது. காயாத கல்லில் ஊற்றினால் பிய்கிறது இல்லையா? ஏறக்குறைய அதே கதைதான்.

அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் இதற்காகவே நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல விதமாக அவித்து, உரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் கண்ட முக்கியமான விஷயமும் இதுதான்: பச்சைத்தண்ணீரில் தொடங்காமல், கொதிநீரிலோ ஆவியிலோ தொடங்க வேண்டும்.

செய்முறை இதோ:

1. முட்டை ஃப்ரிட்ஜில் இருந்தால், 20 நிமிடம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்க. ஜில்லென்று இருக்கும் முட்டை கொதிநீரில் பட்டால் விரிசல் விடும்.

2. முட்டை முழுகி, அதற்கு மேல் ஓர் அங்குலம் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் எடுத்துத் தளதளவென்று கொதிக்க விடுங்க.

3. குழிக்கரண்டியில் முட்டையை வைத்து, மெதுவாக இறக்குங்க. மேலிருந்து போட்டால் உடையும்.

4. அரை நிமிடம் நன்றாகக் கொதித்ததும், தீயைக் குறையுங்க. தண்ணீர் லேசாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தால் போதும். முட்டைகள் முட்டி மோதாது.

5. 50 கிராம் அளவுள்ள பண்ணை முட்டைக்கு 10 முதல் 11 நிமிடம். அதைவிடச் சின்னதாக இருக்கும் நாட்டு முட்டைக்கு 8 முதல் 9 நிமிடம்.

6. எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்க. தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்றிவிடுங்க. மதிய வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணி வெந்நீர் மாதிரி வரும், அது ஆகாது. பானைத் தண்ணியே நல்லது.

இந்தக் குளிர வைக்கும் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். சூடான முட்டை ஆறும்போது உள்ளே சுருங்குவதால், துளைகளும் விரிசல்களும் வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். அழுக்குத் தண்ணீர் என்றால் அந்த அழுக்கும் கூடவே உள்ளே போகும்.

இட்லிப் பானை இருக்க பயமேன்?

கொதிநீரைவிடவும் நல்ல வழி ஒன்று நம்ம வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் இட்லிப் பானை! அடியில் தண்ணீர் ஊற்றி, நன்றாக ஆவி வந்த பிறகு, இட்லித் தட்டின் குழிக்கு ஒன்றாக முட்டையை உட்கார வைத்து மூடிவிடுங்க. 11 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும். நாட்டு முட்டைக்கு ஒன்றிரண்டு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம்.

இதில் என்ன லாபம்? நிறைய முட்டையைக் கொதிநீரில் ஒரேயடியாகப் போட்டால், தண்ணீரின் சூடு சட்டென்று இறங்கிவிடும். அப்புறம் பச்சைத்தண்ணியில் தொடங்கினதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆவியில் அந்தப் பிரச்னை குறைவு. முட்டை குழியில் அசையாமல் இருப்பதால் விரிசலும் குறைவு. தண்ணீரும் கேஸும் மிச்சம். குக்கரிலும் இதே மாதிரி, வெயிட் போடாமல், ஆவி வந்த பிறகு வைத்து எடுக்கலாம்.

கல்வராயன் மலைக்குப் போனால்...

ரிஷிவந்தியம் சமவெளி. ஆனால் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்கள், அல்லது அங்கே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் நாட்டு முட்டையும் கையுமாக நிற்பவர்கள், இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். உயரம் கூடக் கூட, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே தளதளக்கும். ஆகவே, ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்க. ஊட்டி, கொடைக்கானல் என்றால் இரண்டு, மூன்று நிமிடம்.

உரிப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கு

முதலில் முட்டையின் அகலமான அடிப்பக்கத்தைத் தட்டுங்க. காற்றறை அங்கேதான் இருக்கிறது. அப்புறம் தரையில் படுக்க வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தி உருட்டினால், ஓடு முழுக்கப் பொடிப்பொடியாக விரிசல் விடும். அடிப்பக்கத்தில் நகத்தை விட்டு, ஓட்டை மட்டுமல்ல, அந்தச் சவ்வையும் சேர்த்துப் பிடித்து இழுங்க. சவ்வைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓடு துண்டு துண்டாக உதிராமல், ரிப்பன் மாதிரி சேர்ந்து வரும்.

ரொம்ப அடம்பிடிக்கிற முட்டையா? தண்ணீருக்குள் முக்கிவைத்தே உரியுங்க. தண்ணீர் சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் நடுவில் புகுந்து பிரித்துவிடும். நாலைந்து முட்டை என்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டு, கால் டம்ளர் தண்ணீர் விட்டு, பத்து விநாடி குலுக்குங்க. ஓடு நன்றாக நொறுங்கிவிடும். பலமாகக் குலுக்கினால் முட்டையும் நொறுங்கிவிடும், ஜாக்கிரதை!

உப்பு, வினிகர், சோடா... எது உண்மை?

உப்பு: 'தண்ணியில கல்லுப்பு போட்டா ஓடு சுலபமா வரும்' என்பது வீட்டுக்கு வீடு சொல்வது. உப்பு செய்கிற வேலை வேறு. முட்டை விரிசல் விட்டால், வழிந்து வரும் வெள்ளைக்கருவை உடனே உறைய வைத்து, ஓட்டையை அடைத்துவிடும். அதற்காகப் போடலாம். உரிப்பதற்குப் பெரிய உதவி இல்லை.

வினிகர், எலுமிச்சை: ஓடு சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் அது கொஞ்சம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் பிரச்னை ஓட்டில் இல்லை, சவ்வில். அதனால் இதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

ஆப்ப சோடா: இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காரத்தன்மை கூடினால் பிடி தளரும் என்று பார்த்தோம் இல்லையா? சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீகூட, பழைய முட்டையே சிறந்தது, புது முட்டைதான் இருக்கிறது என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் சோடா போடலாம் என்கிறார். ஆனால், முட்டையின் கந்தக வாடை தூக்கலாகும். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். கொதிநீரில் தொடங்கினால் சோடாவுக்கு அவசியமே வராது.

ஊசியால் குத்துவது: அகலமான பக்கத்தில் ஊசித்துளை போட்டால் காற்று வெளியேறி, அடிப்பக்கம் தட்டையாக வராமல் உருண்டையாக இருக்கும். உரிப்பதற்குச் சம்பந்தம் இல்லை.

இன்னும் அஞ்சு நிமிஷம் வேகட்டும்: இதுதான் பெரிய தப்பு! அதிக நேரம் வெந்தால் ஓடு கழலாது. வெள்ளைக்கரு ரப்பராகும். மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் வரும். வெள்ளைக்கருவில் இருக்கும் கந்தகமும் மஞ்சள்கருவில் இருக்கும் இரும்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. விஷமெல்லாம் இல்லை, சாப்பிடலாம். ஆனால் ருசியும் வாசனையும் போய்விடும். வெந்ததும் உடனே குளிர்ந்த தண்ணீரில் போடச் சொல்வது இந்த வளையத்தைத் தடுக்கவும்தான்.

எந்த முட்டையை அவிக்கலாம்? தண்ணியே சொல்லும்!

பகண்டை கூட்டுரோட்டுக் கடையில் வாங்கினதோ, பக்கத்து வீட்டு ஆயா கொடுத்ததோ... எந்த முட்டை எத்தனை நாள் ஆனது என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பாத்திரத் தண்ணீர் போதும்.

* தரையோடு தரையாகப் படுத்துக்கொள்கிறதா? ரொம்பப் புதுசு. ஆஃப் பாயில், ஆம்லெட், உடைத்து ஊற்றும் குழம்புக்கு ஏற்றது. அவித்தே ஆக வேண்டும் என்றால் கொதிநீரிலோ ஆவியிலோ தொடங்குங்க.

* அகலமான பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறதா? சில நாள் ஆனது. அவிக்க இதைவிடப் பொருத்தமான முட்டை கிடையாது.

* தரையைத் தொட்டபடி நட்டுக்குத்தலாக நிற்கிறதா? வயசாகிவிட்டது. முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடுங்க.

* மிதக்கிறதா? யோசிக்காமல் தூக்கிப் போடுங்க. பெரியவங்க 'கூமுட்டை' என்று சொல்லி ஒதுக்கியது இதைத்தான்.

உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, காற்றறை பெரிசாவதால்தான் முட்டை இப்படி எழுந்து நிற்கிறது. அதாவது, உரிக்கச் சுலபமா என்று சொல்வதும், பழசா புதுசா என்று சொல்வதும் அதே காற்றறைதான். சோதனை முடிந்த முட்டையை ஈரத்தோடு திரும்ப அடுக்கி வைக்காமல், அன்றே சமைத்துவிடுவது நல்லது.

நிறைய முட்டை அவிக்கிறவங்களுக்கு...

வீட்டு விசேஷம், அன்னதானம், பள்ளிக்கூடம் என்று மொத்தமாக அவிக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனித்தால் போதும். முதலாவது, முட்டையை நாலைந்து நாள் முன்னாடியே வாங்கி வையுங்க. விசேஷத்துக்கு முந்தின நாள் 'ஃப்ரெஷ்ஷா' வாங்கினால் உரிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். இரண்டாவது, ஒரே அண்டாவில் எல்லாவற்றையும் கொட்டாமல், கம்பிக் கூடையிலோ வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டியோ, பகுதி பகுதியாகக் கொதிநீரில் இறக்குங்க. கொதி அடங்காமல் இருக்கும், எடுப்பதும் சுலபம்.

உரித்த முட்டை ஓடு இருக்கிற முட்டை மாதிரி இல்லை. பாதுகாப்புக் கவசம் போய்விட்டது, போதாக்குறைக்குப் பல கைகள் பட்டிருக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உரியுங்க. உரித்ததை மூடி வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்க. உரிக்காத அவித்த முட்டையை உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும்.

அப்படியும் உரிக்க வரலைன்னா?

சில முட்டை எதற்கும் மசியாது. பரவாயில்லை. பிய்ந்த முட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். ஓட்டோடு ஒட்டியிருக்கும் வெள்ளைக்கருவை ஸ்பூனால் சுரண்டி எடுத்து, முட்டையோடு உதிர்த்து, சின்ன வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலை போட்டு எண்ணெயில் ஒரு பிரட்டு பிரட்டினால், அழகாக உரித்த முட்டையைவிட முதலில் காலியாவது அதுதான்!

ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் வெள்ளைக்கருவில். மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக்கரு ஓட்டோடு போனால் ஒரு கிராமுக்கு மேல் புரதம் நஷ்டம். நமக்கு அது பெரிய கணக்காகத் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு முட்டை கிடைக்கிற குழந்தைக்கு அது கணக்குதான்.

வேறொரு வழியும் நம்ம கிராமத்து அடுப்படியிலேயே இருக்கிறது. வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் போட்ட குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது, புது முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, கரண்டி போட்டுக் கலக்காமல், மூடி வைத்து எடுக்கிற முட்டைக் குழம்பு. புது முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாக இருப்பதால், குழம்பில் சிதறாமல் முழுசாகத் திரண்டு நிற்கும். அவித்து உரிக்க எது இடைஞ்சலாக இருந்ததோ, அந்தப் புதுமையே இங்கே ருசியாகிவிடுகிறது.

அடுத்த முறை முட்டை உரிக்கிறவர் திண்டாடினால், 'உனக்கு உரிக்கத் தெரியல' என்று சொல்லாதீங்க. 'எப்போ இட்ட முட்டை?' என்று கேளுங்க. காலையில் இட்டது என்றால் குழம்புக்கு. மூன்று நாள் ஆனது என்றால் அவிப்பதற்கு. இன்றைக்கே அவித்தாக வேண்டும் என்றால், இட்லிப் பானையில் ஆவி வந்த பிறகு வையுங்க. குழந்தையின் தட்டில் முழு முட்டை வந்து உட்காரும்!